பச்சை பட்டன்

கப்பலூரைத் தாண்டிப் போகும் சாலையில், ரொட்டி சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே ஒரே ஒரு மெஷின்தான். அதை ஓட்டியவர் பாத்திமுத்து. முப்பத்தைந்து வயதுப் பெண்மணி. அவரைவிட மூத்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஆனாலும் எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள மரியதாஸ் வந்தார். அவருக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை செல்போன் டவர்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். "இன்னொரு தடவை மேல ஏறினா நான் வீட்டுல இருக்க மாட்டேன்" என்று மனைவி சகாயமேரி உறுதியாகச் சொன்ன பிறகுதான் தரையில் வேலை தேடினார்.

முதல் நாள் பாத்திமுத்து அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பயம் உண்டாண்ணே?"

மரியதாஸ் சிரித்தார். "டவர் உச்சியில உக்காந்து சோறு தின்னவன் மாஸ்டர் நான்."

"அப்ப மூட்டை தூக்குங்க."

மரியதாஸ் மூட்டை தூக்கினார். வெள்ளை ஜவ்வரிசி போல இருந்த பிளாஸ்டிக் குருணையை மெஷினின் வாயில் கொட்டுவதுதான் அவர் வேலை. கொட்டிவிட்டு மற்றதை வேடிக்கை பார்ப்பார்.

குருணை ஒரு நீண்ட இரும்புக் குழாய்க்குள் போகும். குழாயைச் சுற்றி ஹீட்டர்கள். உள்ளே ஒரு பெரிய திருகாணி சுழன்று, உருகியதை முன்னால் தள்ளும். குழாயின் முனையில் ஒரு கழுத்து. கழுத்துக்கு மேலே, வானத்தைப் பார்த்தபடி ஒரு வட்ட இரும்பு. அதற்கு டை என்று பேர். டையின் விளிம்பில் நகம்கூட நுழையாத ஓர் இடுக்கு. உருகிய பிளாஸ்டிக் அதன் வழியே வளையமாக எழும்பி வரும். நடுவிலிருந்து காற்று ஊதும். வளையம் உப்பி, கண்ணாடி போன்ற நீண்ட குமிழாகி, கூரை வரை போகும். அங்கே இரண்டு உருளைகள் அதை அமுக்கித் தட்டையாக்கிக் கீழே அனுப்பும்.

ஓடும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓட ஆரம்பிக்கும்போது அப்படி இல்லை.

ராத்திரி முழுக்க மெஷின் நின்றிருக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கல்லாக இறுகியிருக்கும். விடியற்காலையில் வாட்ச்மேன் ஹீட்டர்களைப் போட்டுவிடுவார். வேலைக்கு ஆட்கள் வரும்போது இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும். கிட்டே போனால் கண் இமை காயும். தீய்ந்த மெழுகு போல ஒரு வாசம். அதோடு சேர்ந்து இரும்பு விரிகிற சத்தம். யாரோ பல்லைக் கடிப்பது போல, டிக், டிக் என்று.

அந்த நேரத்தில் பாத்திமுத்து யாரிடமும் பேச மாட்டார். டிபன் டப்பாவைத் திறக்க மாட்டார். ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்ப்பார், திரும்பி வருவார், மறுபடியும் போவார். முகம் வெளிறிப்போயிருக்கும். கடைசியில் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, பச்சை பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார்.

டை பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். வெளியே வருவதைக் கையுறை போட்ட கையால் வாங்கி, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றில் கட்டி மேலே ஏற்றிவிட வேண்டும். அங்கே நின்றுகொண்டிருந்தவர் திருப்பூருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு மரியதாஸ் வந்தார்.

"கண்ணாடியைப் போடுங்கண்ணே."

முகம் முழுவதையும் மறைக்கிற தடித்த கண்ணாடி மூடி ஒன்று சுவரில் ஆணியில் தொங்கியது.

"அதைப் போட்டா எனக்கு மூச்சு முட்டுது மாஸ்டர்."

"தள்ளியாவது நில்லுங்க."

"தள்ளி நின்னா எப்படி வாங்குறது?"

மரியதாஸ் டையின் மேல் குனிந்து நின்றார், கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் போல. பாத்திமுத்து பெட்டியிலிருந்து கத்துவார், "விலகுங்க! முகத்தை எடுங்க!" மரியதாஸ் சிரித்துக்கொண்டே ஓரடி விலகுவார். பட்டன் அமுங்கியதும் மறுபடி குனிவார். பிளாஸ்டிக் தேன் மாதிரி மெல்லக் கசிந்து வரும். அவர் வாங்குவார், கட்டுவார், ஏற்றுவார். குமிழ் நிலைத்து நின்ற பிறகு திரும்பிப் பார்த்தால் பாத்திமுத்து தரையில் உட்கார்ந்திருப்பார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

தினமும் இதே கதைதான்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது, ரோல் கட்டுகிற ஒச்சம்மாளிடம் மரியதாஸ் இதைச் சொல்லிச் சிரித்தார்.

"மாஸ்டருக்கு என்னக்கா இம்புட்டு பயம்? இத்தனை வருஷமா இதே மெஷின்தானே?"

ஒச்சம்மாள் எப்போதும் முந்தானையைத் தலையோடு சேர்த்துச் சுற்றியிருப்பார். வெயிலுக்காக என்று மரியதாஸ் நினைத்திருந்தார். ஒச்சம்மாள் அதை விலக்கினார். இடது காது இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிய தோல் மட்டும் இருந்தது. அது கன்னம் வழியாகக் கழுத்து வரை இறங்கியது.

மரியதாஸ் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார்.

"இப்ப நீ நிக்கிற எடத்துல நான் நின்னேன் தம்பி" என்றார் ஒச்சம்மாள். "மெஷினுக்கு உள்ள ஏதோ ஒரு எடம் இளகல. வெளிய தெரியல. திருகாணி பின்னாலேருந்து தள்ளுது, முன்னால அடைச்சுக்கிட்டு நிக்குது. எம்புட்டு நேரம் தாங்கும்? வெடிச்சு வந்துருச்சு."

"தண்ணி ஊத்தலையா?"

"ஊத்தினாங்க. அது கொழம்பு இல்ல தம்பி, வழிச்சு விட. ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டே வேகும். உரிச்சாத்தான் வரும்."

மரியதாஸ் இலையைத் தள்ளி வைத்தார்.

"பட்டனை அழுத்தினது யாரு?"

"அப்ப மாஸ்டரா இருந்தவரு. நல்ல மனுஷன். தொழில் தெரிஞ்சவரு. எதுக்கும் பயந்து நான் பார்த்ததில்ல."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு என்ன? பட்டன் அங்க இருக்கு, டை இங்க இருக்கு. கையில ஒரு கொப்புளம்கூட இல்ல." ஒச்சம்மாள் முந்தானையை மறுபடி சுற்றிக்கொண்டார். "அன்னைக்குச் சாயங்காலமே ஊரை விட்டுப் போயிட்டாரு. பாத்திமுத்துதான் என்கூட ஆஸ்பத்திரியில கெடந்தா."

மரியதாஸ் அன்று மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. ஆனால் மறுநாளும் டையின் மேல் அதேபோலத்தான் குனிந்து நின்றார். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியே பல வருஷம் பழகிய உடம்பு அது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், மெஷினை நிறுத்திவிட்டுக் கைகழுவும் இடத்தில், அவர் பாத்திமுத்துவிடம் நேராகவே கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா மாஸ்டர்? கோவிக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே."

"நீங்க நிக்கிறது பட்டன் பக்கம். டை பக்கம் நிக்கிறவன் நான். வெடிச்சா என் மூஞ்சியிலதான் வெடிக்கும். எனக்கே பயமில்ல. உங்களுக்கு என்ன பயம்?"

பாத்திமுத்து கையைத் துடைத்தார்.

"நாளைக்கு எடம் மாறிக்கலாம்" என்றார்.

"என்ன மாஸ்டர்?"

"மூட்டை தூக்கினது போதும், டை பக்கம் நின்னதும் போதும். நாளைக்குப் பட்டன் உங்களுது."

மரியதாஸ் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். பட்டன் கைக்கு வந்தால் பாதி மாஸ்டர் ஆனது மாதிரி என்று சகாயமேரியிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் பேக்கரி வண்டி வாசலில் காத்திருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். ஹீட்டர்கள் விடியற்காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தன. சுவிட்ச் பெட்டியில் சூட்டைக் காட்டும் சிவப்பு எண்கள் எல்லாம் வர வேண்டிய அளவுக்கு வந்திருந்தன.

பாத்திமுத்து வந்தார். டிபன் டப்பாவை மூலையில் வைத்தார். கையுறையைப் போட்டுக்கொண்டார். எந்த இடத்தையும் சுற்றிப் பார்க்காமல் நேராகப் போய் டை பக்கத்தில் நின்றார்.

"மாஸ்டர், ஒரு சுத்து பார்த்துட்டு வரலையா?"

"இன்னைக்கு நான் வாங்கிக் கட்டுற ஆளு. பார்க்கிறது பட்டன் பக்கம் இருக்கிறவர் வேலை."

மரியதாஸ் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் போனார். எண்களைப் பார்த்தார். எல்லாம் சரி. பச்சை பட்டன் மேல் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

பாத்திமுத்து டையின் மேல் குனிந்து நின்றார். கிணற்றை எட்டிப் பார்க்கிறவர் போல.

"மாஸ்டர், கண்ணாடியைப் போடுங்க."

"நீங்க ஒரு நாளும் போட்டதில்லையேண்ணே."

"அது வேற."

"என்ன வேற?"

மரியதாஸ் சுவரில் தொங்கிய கண்ணாடி மூடியைப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளியாவது நில்லுங்க."

"தள்ளி நின்னா எப்படி வாங்குறது?"

அவர் கேலி செய்யவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முகத்தை அவர் எடுக்கவும் இல்லை.

இரும்பு விரிகிற சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் விட்டு, டிக். எத்தனையோ நாள் அந்தச் சத்தத்தின் மேல் குனிந்து நின்றவர் மரியதாஸ். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. அந்தக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது? தேனா, கல்லா? இரும்புக்கு வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சிவப்பு எண்கள் சரி என்றன. ஒச்சம்மாள் நின்ற அன்றைக்கும் அவை சரி என்றுதானே சொல்லியிருக்கும்?

பாத்திமுத்துவின் வலது கன்னம் டையின் சூட்டில் சிவந்து தெரிந்தது. காதில் ஒரு சின்னத் தோடு.

மரியதாஸின் வாய் உலர்ந்தது. காற்றில் ஆடும் கம்பியில் ஒற்றைக் கையில் தொங்கியபோதுகூட அவருக்கு இப்படி ஆனதில்லை. அங்கே கை நழுவினால் விழுவது அவர்தான். இங்கே அவர் விரல் அமுங்கினால், அந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தி.

அவர் விரலை எடுத்துவிட்டார்.

"என்னண்ணே?"

"கொஞ்ச நேரம் போகட்டும் மாஸ்டர்."

"சரி. பட்டன் உங்களுது."

கொஞ்ச நேரம் போனது. மறுபடி விரலை வைத்தார். மறுபடி எடுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாசலில் ஹாரன் விடாமல் ஒலித்தது. ரோல் கட்டுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு அங்கங்கே நின்று பார்த்தார்கள். ஒச்சம்மாள் மட்டும் டை பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி சௌந்தரபாண்டி ஆபீஸ் அறையிலிருந்து வேகமாக வந்தார். கெட்டவர் அல்ல. அன்றைக்கு அவசரத்தில் இருந்தார்.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா? சூடு வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு முதலாளி" என்றார் மரியதாஸ்.

"அப்புறம்?"

"தெரியல."

"என்ன தெரியல?"

"உள்ள இளகிருச்சான்னு தெரியல."

சௌந்தரபாண்டி எண்களைப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு? பாத்திமுத்து, நீ ஏம்மா அங்க நிக்கிற? யாரு இவரை இங்க நிறுத்தினது?"

"நான்தான் முதலாளி. பட்டன் இன்னைக்கு அவர் கையில."

"பேக்கரிக்காரன் வாசல்ல நிக்கிறான். வெளையாட்டா இது?" என்று சொல்லிக்கொண்டே அவர் பட்டனுக்குக் கையை நீட்டினார்.

மரியதாஸ் குறுக்கே வந்து நின்றார். எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. முதுகு சுவிட்ச் பெட்டியில் இடித்தது. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பட்டனை மூடிக்கொண்டார்.

"வேண்டாம் முதலாளி."

"தள்ளுய்யா."

"வேண்டாம். வேலையை விட்டு வேணாலும் அனுப்புங்க. அந்தம்மா அங்க நிக்கிற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது."

குரல் உடைந்து வந்தது. சௌந்தரபாண்டி திகைத்து நின்றார். டவர் உச்சியில் சோறு தின்றதை வாய் ஓயாமல் சொல்லித் திரிந்த மனிதர், காய்ச்சல்காரர் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தார்.

"சரி, இப்ப என்னதான்யா செய்யணும்ங்கிற?"

என்ன செய்ய வேண்டும் என்று மரியதாஸுக்குத் தெரியாது. பாத்திமுத்துவைப் பார்த்தார். அவர் டையின் மேல் குனிந்தபடியே நின்றார். கீழே, கால் பக்கத்தில் நேற்றுக் கழித்துப்போட்ட தாள் சுருண்டு கிடந்தது. மரியதாஸ் அதில் ஒரு துண்டைக் கிழித்து எடுத்தார்.

"முதலாளி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு இங்கயே நில்லுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

அவர் மெஷினை நோக்கிப் போனார். குழாயின் மேல், ஹீட்டருக்குப் பக்கத்தில் தெரிந்த வெறும் இரும்பில் தாளை வைத்தார். சுர்ரென்று சுருங்கி உருகி ஒட்டியது. கொஞ்சம் நகர்ந்து இன்னோர் இடத்தில் வைத்தார். உருகியது. டையின் விளிம்பைச் சுற்றி வைத்துக்கொண்டே வந்தார். பாத்திமுத்துவின் முகம் அவர் கைக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லா இடத்திலும் உருகியது.

மிச்சம் இருந்தது கழுத்து. குழாயையும் டையையும் இணைக்கிற சின்ன இடம். குனிந்து அடியில் கையை நீட்டினால்தான் எட்டும். சூட்டில் முழங்கை மயிர் கருகியது. தாளைக் கழுத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

தாள் அப்படியே இருந்தது.

கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். ஓரம் மட்டும் லேசாகச் சுருங்கியது. உருகவில்லை.

கழுத்தைச் சுற்றியிருந்த ஹீட்டர் செத்துப் போயிருந்தது. அந்த இடத்துக்கென்று தனி எண் கிடையாது. பக்கத்துச் சூட்டையே பெட்டி அதற்கும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. பின்னால் உருகிக் கொதிக்கிற பிளாஸ்டிக். முன்னால் டை. நடுவில் கல்.

மரியதாஸ் தாளை எடுத்து வந்து முதலாளி கையில் கொடுத்தார்.

சௌந்தரபாண்டி அந்தத் துண்டைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். சுவரோரம் முந்தானையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், "இன்னைக்குச் சரக்கு இல்ல, வண்டியை எடுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். ஹாரன் நின்றது.

பாத்திமுத்து டையை விட்டு நகர்ந்தார். கையுறையைக் கழற்ற முயன்றார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒச்சம்மாள் எழுந்து வந்து கழற்றிவிட்டார். பாத்திமுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து வியர்வை ஒழுகியது.

மரியதாஸ் அவருக்கு எதிரே போய் நின்றார்.

"ஹீட்டர் செத்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாது."

"சத்தியமா?"

"சத்தியமாத் தெரியாது."

"அப்ப ஏன் நின்னீங்க? தாயி, நான் அழுத்தியிருந்தா?"

"நான் நிக்காட்டி அழுத்தியிருப்பீங்க."



எலக்ட்ரீசியன் வந்து ஹீட்டரைக் கழற்றினார். உள்ளே கம்பி கருகி அறுந்திருந்தது. புதுசு மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். அன்று எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மரியதாஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வழியில் இரண்டு டவர்கள் உண்டு. இரண்டும் அவர் பெயின்ட் அடித்தவை. பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் தினமும் அதைக் காட்டிச் சொல்லுவார். அன்றைக்குச் சொல்லவில்லை.

வீட்டில் சகாயமேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "என்ன, சீக்கிரம் வந்துட்டீங்க? பட்டனை அழுத்தினீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மனைவிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"நான் டவர் ஏறின காலத்துல நீ வீட்டுல என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன்? அடுப்பைப் பத்த வைக்காம உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"கீழ எறங்கிட்டேன்னு உங்க போன் வரணும்ல. அதுக்கப்புறந்தான் பத்த வைப்பேன்."

"தினமுமா?"

"தினமுந்தான்."

"ஒரு நாள்கூட சொல்லலையே."

"சொன்னேனே. நீங்கதான் சிரிச்சீங்க."

மரியதாஸ் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வந்தது. துடைக்கவில்லை.

புது ஹீட்டர் வந்து மாட்டிய மறுநாள், பாத்திமுத்து முகத்துக்குக் கண்ணாடி மூடியைப் போட்டுக்கொண்டு, ஓரடி தள்ளி டை பக்கம் நின்றார்.

"இன்னைக்கும் பட்டன் உங்களுதுண்ணே."

மரியதாஸ் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்தார். சாப்பிட முடியவில்லை. குழாயை, கழுத்தை, டையை ஒவ்வோர் இடமாகத் தாளை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். ரோல் கட்டுகிற பெண்களில் புதிதாக வந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் காதில் அது விழவில்லை.

"தயாரா மாஸ்டர்?"

"தயார்."

"தயார்தானே?"

"தயார்ண்ணே."

கடைசியில் அவர் விரல் அமுங்கியது. திருகாணி முனகியது. பெட்டியில் உள்ளழுத்தத்தைக் காட்டும் முள் ஒரு நடுக்கம் நடுங்கி ஏறியது. மரியதாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு, மெஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டன் மேல் இன்னொரு கையை வைத்தபடி, அந்த முள்ளையும் பாத்திமுத்துவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். முள் மேலே போய், நின்று, மெல்ல இறங்கியது. டையின் இடுக்கில் பளபளவென்று ஏதோ கசிந்தது. பாத்திமுத்து அதை இரண்டு கையாலும் ஏந்தினார், கயிற்றில் கட்டினார். காற்று ஊதியது. குமிழ் உப்பி, அசைந்து, நேராகி, கூரை வரை எழுந்து நின்றது. அதன் வழியே எதிர்ச் சுவர் தெரிந்தது.

மரியதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டீ வந்தது. பாத்திமுத்து ஒரு கிளாஸை எடுத்து அவரிடம் நீட்டினார். மரியதாஸ் அதை வாங்கிக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"மாஸ்டர்."

"ம்."

"இந்தப் பயம் எப்ப போகும்?"

பாத்திமுத்து தன் டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"போச்சுன்னா என்கிட்ட முதல்ல சொல்லுங்கண்ணே. அன்னைக்கு நான் டை பக்கம் வர மாட்டேன்."